பனையேறி விழுகிறான், கணக்குப்பிள்ளை ஏறிவிடுகிறார்: 1டி20-ஐ விட்டு 3டி6-க்கு மாறலாமா?

#1 பாலாற்று_மணல் (சத்துவாச்சாரி), ஞாயிறு காலை 10.12

காட்பாடி காந்தி நகரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் கூடி ஆடும் குழு எங்களுடையது. நான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவன். விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நின்று, பகடை உருட்டி ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பை ஒட்டி. கதை மட்டும் நம்ம ஊர்: 1751, ஆற்காட்டு முற்றுகை. கோட்டைக்குள் கிளைவ், வெளியே ராசா சாகிப்பின் படை, நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்கள்தான் ஆட்டக்காரர்கள். (ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் என்று யாரும் திருத்த வேண்டாம். எங்கள் வீட்டில் இன்னும் வட ஆற்காடுதான்.)

நேற்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கோட்டைச் சுவரில் ஏறும் கட்டம். ஒருவன் பனையேறி, ஏறுவதற்கு +7. இன்னொருவர் நவாப் கச்சேரியில் கணக்கு எழுதுகிற பிள்ளை, போனஸ் பூஜ்யம். யார் முதலில் உச்சிக்குப் போவது என்று இரண்டு பேரும் 1டி20 (இருபதுமுகப் பகடை ஒன்று) உருட்டினார்கள். கணக்குப்பிள்ளைக்கு 17. பனையேறிக்கு 4, போனஸ் சேர்த்து 11. மேசையில் ஒரே சிரிப்பு. பனையேறியாக ஆடும் தம்பிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போன வாரமும் அவன் தனியாக ஒரு சுவரில் ஏறிப் பாதியில் விழுந்திருந்தான். "பிறந்ததிலிருந்து மரம் ஏறுகிறவன்னு ஷீட்டுல எழுதி என்னண்ணா பிரயோஜனம்?" என்று கேட்டான்.

1டி20-க்குப் பதில் 3டி6 (ஆறுமுகப் பகடை மூன்று) உருட்டினால் எண்கள் நடுவில் குவியும், தேர்ந்தவன் தேர்ந்தவனாகவே இருப்பான் என்று எங்கோ படித்தேன். மாறிவிடலாமா?

#2 டி20_தாசன் (தொரப்பாடி), ஞாயிறு 10.31

வேண்டாம். டி20-ல் ஒவ்வொரு +1-ம் 5%. மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். 3டி6 போட்டால் ஒவ்வொரு உருட்டலுக்கும் மூன்று பகடையைக் கூட்ட வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு மேல் யாரும் ஒழுங்காகக் கூட்டமாட்டார்கள். பனையேறி ஒரு தடவை தோற்றால்தான் கதை. அந்த 17-ஐப் பற்றி இன்னும் ஒரு வருஷம் பேசுவீர்கள்.

#3 குடியாத்தம்_புதுவரவு, ஞாயிறு 11.05

அண்ணா, நான் புதுசு. 3டி6, 1டி20 என்பதெல்லாம் எப்படிப் படிப்பது? ஒரு இடத்தில் "4டி6, சிறியதைத் தள்ளு" என்று பார்த்தேன், தலை சுற்றியது.

#4 முள்ளுக்கத்திரி (அணைக்கட்டு), ஞாயிறு 11.20

சுலபம் தம்பி. முன்னால் இருப்பது எத்தனை பகடை, பின்னால் இருப்பது ஒவ்வொன்றுக்கும் எத்தனை முகம். 2டி6+3 என்றால் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டி, மேலே 3. ஆகக் குறைந்தது 5, ஆக அதிகம் 15. ஒரு பகடையின் சராசரி, முகங்களோடு ஒன்றைக் கூட்டிப் பாதி: டி6-க்கு 3.5, டி20-க்கு 10.5. அப்படியானால் 2டி6+3-க்குச் சராசரி 10. டி100 என்றால் பத்துமுகப் பகடை இரண்டு, ஒன்று பத்தாமிடம், ஒன்று ஒன்றாமிடம், இரண்டிலும் பூஜ்யம் விழுந்தால் 100. டி3 என்று ஒன்று வரும், அதற்காகக் கடைக்கு ஓடாதே. டி6-ஐ உருட்டிப் பாதியாக்கி மேல்நோக்கி முழுமையாக்கு, போதும்.

4டி6 சிறியதைத் தள்ளு: நாலு உருட்டு, இருப்பதிலேயே சின்னதை ஒதுக்கு, மீதி மூன்றைக் கூட்டு. கேரக்டர் உருவாக்க இதைப் போடுவார்கள். சும்மா 3டி6-ல் சராசரி 10.5, 18 விழ 216-ல் ஒரு வாய்ப்பு. சிறியதைத் தள்ளினால் சராசரி 12.24, 18 விழ 1296-ல் 21. அதாவது 0.46% என்பது 1.62% ஆகிறது. கேம் மாஸ்டர் நல்ல மனுஷனாக இருந்தால் இதைத்தான் தருவார்.

ஒரு பழங்கதையும் கேட்டுக்கொள். 1974-ல் இந்த ஆட்டம் வந்த காலத்து இருபதுமுகப் பகடையில் 1 முதல் 20 வரை அச்சாகியிருக்காது. 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருக்கும். ஒரு பத்தை ஒரு நிறத்திலும் இன்னொரு பத்தை வேறு நிறத்திலும் கிரேயானால் தேய்த்து, "இந்த நிறம் என்றால் பத்து கூட்டு" என்று வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

#5 கணக்கு_டீச்சர் (வேலப்பாடி), ஞாயிறு மதியம் 2.40

சாப்பாட்டுக்கு அப்புறம் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். பாலாற்று மணல் சொன்ன போட்டியை எண்ணிப் பார்த்துவிடலாம்.

இரண்டு பேரும் 1டி20. மொத்தம் 20 × 20 = 400 ஜோடிகள். பனையேறிக்கு +7 இருப்பதால், கணக்குப்பிள்ளை ஜெயிக்க அவர் பகடையில் குறைந்தது 8 அதிகமாக விழ வேண்டும். பனையேறிக்கு 1 விழுந்தால் கணக்குப்பிள்ளைக்கு 9 முதல் 20 வரை 12 வழி. 2 விழுந்தால் 11 வழி. இப்படியே இறங்கி, 12 விழுந்தால் ஒரே வழி. 12+11+10+…+1 = 78. ஆக 78/400, அதாவது 19.5%. ஐந்து போட்டி வைத்தால் ஏறக்குறைய ஒன்றில் கணக்குப்பிள்ளைதான் முந்துவார். நேற்று நடந்தது அபூர்வம் ஒன்றும் இல்லை.

இதையே 3டி6 வைத்து, அதே +7-ஓடு செய்தால் மொத்தம் 46,656 சேர்க்கைகள். கணக்குப்பிள்ளை ஜெயிப்பது 1,674-ல் மட்டும். 3.6%. இருபத்தெட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#6 பாலாற்று_மணல், ஞாயிறு 3.02

டீச்சர், கும்பிடு. 19.5 எங்கே, 3.6 எங்கே! மாறிவிடுகிறேன். தம்பிக்கு இப்போதே வாட்ஸாப்பில் அனுப்புகிறேன்.

#7 கணக்கு_டீச்சர், ஞாயிறு 3.15

அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு வரியும் படித்துவிடுங்கள்.

அந்த 3.6% வந்ததற்கு 3டி6 மட்டும் காரணம் இல்லை. +7-ஐ அப்படியே வைத்ததும் காரணம். டி20-ன் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்ற அளவு) 5.77. 3டி6-ன் திட்ட விலக்கம் 2.96, கிட்டத்தட்டப் பாதி. டி20 பெரிய இலை. +7 ஓரத்தில் வைத்த ஊறுகாய் அளவுதான் தெரியும். 3டி6 சின்ன இலை, அதே +7 பாதி இலையை அடைத்துவிடும்.

சோதித்துப் பார்க்க, 3டி6-ல் பனையேறிக்கு +3 மட்டும் கொடுங்கள். கணக்குப்பிள்ளை ஜெயிக்கும் சேர்க்கைகள் 9,604. 20.6%. டி20-ல் +7-க்கு வந்த 19.5%-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. +4 கொடுத்தால் 14.5%.

நீங்கள் பகடையை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு உண்மையில் பனையேறியின் திறமையை இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். அதுதான் வேண்டும் என்றால் டி20-ஐ வைத்துக்கொண்டே அவனுக்கு +14 கொடுத்தாலும் போட்டியில் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் போவீர்கள். கணக்குப்பிள்ளை 15 அதிகம் எடுக்க வேண்டும்: 5+4+3+2+1 = 15 வழி, 15/400, 3.75%.

எண்கள் நடுவில் குவிகின்றனவா என்பது இரண்டாவது கேள்வி. போனஸ், பகடையின் பரவலில் எத்தனை பங்கு என்பதுதான் முதல் கேள்வி.

#8 டி20_தாசன், ஞாயிறு 3.40

டீச்சர் இனிமேல் என் கட்சி. இன்னொன்றும் சொல்கிறேன். ஏறினானா, விழுந்தானா என்று இரண்டே முடிவு உள்ள சோதனையில் வளைவு (3டி6 மாதிரி நடுவில் குவிவது), சமதளம் (டி20 மாதிரி எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு) எல்லாம் வெறும் அலங்காரம். கடைசியில் கையில் இருப்பது ஒரே ஒரு சதவீதம். 65% என்றால் 65%. அதை டி20-ல் 8 அல்லது அதற்கு மேல் என்று கேட்டால் என்ன, டி100-ல் 65-க்குள் என்று கேட்டால் என்ன, புளியங்கொட்டையை உரசிப் போட்டால் என்ன?

#9 முள்ளுக்கத்திரி, ஞாயிறு 4.25

ஒரு தடவை உருட்டி எழுந்து போகிறவனுக்குத் தாசன் சொல்வது சரி. கேம்பெயின், அதாவது வாரக்கணக்கில் தொடரும் கதை, நடத்துகிறவருக்குப் போதாது. இருட்டு, மழை, கயிறு, காயம் என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருப்போமே, அங்கேதான் வளைவு வேலை செய்கிறது.

டி20-ல் எங்கே நின்றாலும் +1 என்பது 5 புள்ளி. 3டி6-ல் அப்படி இல்லை. 11 தேவை என்ற இடத்தில் 50%. +1 வந்து 10 போதும் என்றானால் 62.5%, ஒரே தாவலில் 12.5 புள்ளி. அதே +1, 17 தேவைப்படுகிறவனுக்கு 1.85%-ஐ 4.63% ஆக்குகிறது. மூன்று புள்ளிகூட இல்லை. சமமான இரண்டு பேருக்கு நடுவே சின்ன உதவி பெரிதாகத் தெரியும், ஏற்கெனவே கெட்டிக்காரனுக்கும் ஒன்றுமே தெரியாதவனுக்கும் பெரிதாகத் தெரியாது. கயிறு கிடைத்தால் பனையேறிக்கு என்ன லாபம், நடுத்தரமாக ஏறுகிறவனுக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள், எனக்கு இது உலக வழக்கோடு ஒத்துப்போகிறது. 1986-ல் வந்த கர்ப்ஸ் என்ற ஆட்டம் 3டி6-ஐ வைத்துத்தான் ஓடுகிறது, 1977-ன் டிராவலர் 2டி6-ல். இவ்வளவு காலம் சும்மா நிற்கவில்லை.

அப்புறம், கேலி செய்வதற்கு முன்னால் புளியங்கொட்டை உரசிப் பார்த்திருக்கிறீர்களா தாசன்? ஒரு பக்கம் வெள்ளை வரும்வரை திண்ணையில் தேய்த்தால் விரல் நுனி சுடும்.

#10 காட்பாடி_ஜங்ஷன், ஞாயிறு மாலை 5.50

எல்லாரும் நேற்றைய போட்டியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். போன வாரம் விழுந்தது என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லையே. பாலாற்று மணல், அந்தச் சுவர் எவ்வளவு உயரம், எத்தனை தடவை உருட்ட வைத்தீர்கள்?

#11 பாலாற்று_மணல், ஞாயிறு 6.04

40 அடி. பத்து அடிக்கு ஒரு சோதனை, இலக்கு எண் 15. மூன்றாவது உருட்டலில் விழுந்தான்.

#12 காட்பாடி_ஜங்ஷன், ஞாயிறு 6.10

கிடைத்துவிட்டது பாருங்கள்.

+7 உள்ளவனுக்கு இலக்கு 15 என்றால் 8 விழுந்தால் போதும், 65%. நீங்கள் மனதில் வைத்திருந்ததும் அந்த 65%-தான். ஆனால் நாலு தடவையும் தப்பாமல் ஜெயித்தால்தான் மேலே போக முடியும். 0.65-ஐ நாலு தடவை பெருக்குங்கள்: 17.9%. ஊரிலேயே தேர்ந்த பனையேறி ஆறு தடவை முயன்றால் ஐந்து தடவை கீழே கிடப்பான். நம்ம பக்கத்துப் பனைகளுக்கு இந்த விதி இருந்திருந்தால் ஒருத்தருக்கும் பதநீர் கிடைத்திருக்காது. கணக்குப்பிள்ளை தனியாக ஏறினால் 30%, நாலு தடவைக்கு 0.81%.

இதற்கு 3டி6 மருந்து இல்லை. முழுச் சுவருக்கும் ஒரே உருட்டல் வையுங்கள். தோற்றால் உடனே விழ வேண்டும் என்று என்ன கட்டாயம்? சத்தம் கேட்டுக் காவலாளி திரும்பிப் பார்க்கட்டும், கையில் இருந்த விளக்கு விழட்டும், பாதியில் சிக்கிக்கொள்ளட்டும்.

கயிறு இருந்தால் அட்வான்டேஜ் கொடுங்கள், அதாவது இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுப்பது. கணக்குப்பிள்ளையின் 30%, 51% ஆகும். பனையேறியின் 65%, 87.75% ஆகும். நடுவில் இருப்பவனுக்குத்தான் இதில் அதிக லாபம்: 50% இருந்தால் 75%, ஒரே அடியாக +5 கொடுத்த மாதிரி. 20 விழுந்தால்தான் உண்டு என்ற நிலையில் இருப்பவனுக்கு 5%, 9.75% ஆகிறது, அவ்வளவுதான். முள்ளுக்கத்திரி 3டி6-ல் தேடுகிற குணத்தில் பாதி இதிலேயே இருக்கிறது.

#13 டி20_தாசன், ஞாயிறு 6.22

ஜங்ஷன் அண்ணன் சொன்னதற்கு மேலே ஒரே வரி: அவசரமும் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை, கையில் தளையும் இருக்கிறது என்றால் பனையேறியை உருட்டவே விடாதீர்கள். "ஏறிவிட்டாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள்.

#14 ஆரணிப்_பட்டு, ஞாயிறு இரவு 8.45

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். டி4, டி6 என்று பேசுகிறீர்கள். நம்ம வீட்டுத் தாயக்கட்டை இந்தக் குறியீட்டில் எங்கே வரும்?

எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளை ஜோடி ஒன்று இருக்கிறது. விரல் நீளம், நாலு பட்டை. நுனியில் நிற்காது என்பதால் நாலே முடிவு: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை. புள்ளி ஒவ்வொன்றும் வட்டத்துக்குள் வட்டமாகக் குடைந்திருக்கும். விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பதால் அந்தக் குழிகளில் புளி காய்ந்து ஒட்டியிருக்கும், ஊசியால்தான் எடுக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து உரசி, சிமெண்ட் தரையில் விட்டால் வருகிற அந்த 'கலகல' சத்தத்திலேயே பாட்டி எண்ணைச் சொல்லிவிடுவார், பாதி நேரம் சரியாகவும் இருக்கும்.

இரண்டையும் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் இல்லை, பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம். எனக்குத் தெரிய வேண்டியது, தாயம் விழ எவ்வளவு வாய்ப்பு? என் காயை இறக்குவதற்குள் மற்றவர்கள் பாதிப் பழம் எடுத்துவிடுகிறார்கள்.

#15 கணக்கு_டீச்சர், ஞாயிறு 9.30

தடம் மாறவே இல்லை, இதுதான் நல்ல கணக்கு.

குறியீட்டில் எழுத வேண்டுமானால் 2டி4, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, 0 முதல் 3 வரை. மொத்தம் 16 சேர்க்கை. தாயம் என்பது ஒன்றில் ஒரு புள்ளி, இன்னொன்று வெறுமை. எது எதில் என்று இரண்டு வழி. ஆக 2/16, எட்டில் ஒன்று. இரண்டு விழ 3 வழி, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, பன்னிரண்டுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 16 வரும். எட்டில் ஒன்று என்பதால் எட்டுத் தடவை போட்டால் தாயம் நிச்சயம் என்று நினைக்க வேண்டாம். எட்டுத் தடவையும் விழாமல் போக 34% வாய்ப்பு உண்டு. மூன்று பேர் உட்கார்ந்து ஆடினால் யாராவது ஒருவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது இதனால்தான்.

இன்னும் சுவையானது மறு ஆட்டம். ஒரு தடவை போடுவதன் சராசரியைக் கூட்டினால் 60/16, அதாவது 3.75. மறுபடி போட வைக்கும் எண்கள் விழ 2+2+1+1 = 6/16. ஒவ்வொரு மறு ஆட்டமும் புதிதாகத் தொடங்குவதுதான் என்பதால், ஒரு கையின் மொத்தச் சராசரி = 3.75 ÷ (10/16). விடை சரியாக 6.

சில வீடுகளில் ஐந்துக்கு மறு ஆட்டம் கிடையாது. அங்கே மறுபடி போட 4/16 மட்டும். 3.75 ÷ (12/16) = சரியாக 5. ஐந்துக்கு உண்டா இல்லையா என்ற சண்டையின் மதிப்பு கைக்கு ஒரு கட்டம்.

#16 ஆரணிப்_பட்டு, ஞாயிறு 9.41

அடேங்கப்பா. இதை எங்கள் பெரியம்மாவிடம் காட்டினால் ஐந்துக்குக் கொடுக்கவே மாட்டார்.

#17 முள்ளுக்கத்திரி, ஞாயிறு 10.15

டீச்சர் கணக்குப் போட்ட இந்த மறு ஆட்டத்தைத்தான் ரோல்-பிளேயிங் ஆட்டங்களில் "வெடிக்கும் பகடை" என்பார்கள். உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். டி6-ன் சராசரி 3.5, வெடிக்க விட்டால் 4.2. டி4-ன் 2.5, வெடிக்க விட்டால் 3.33.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2003-ல் வந்த சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற ஆட்டத்தை ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்கும். திறமை கூடக்கூடப் பகடை டி4, டி6, டி8 என்று பெரிதாகும். இலக்கு சரியாக 6 என்று வையுங்கள். டி6 வைத்திருப்பவனுக்கு 6 விழ வேண்டும், 1/6, 16.67%. டி4 வைத்திருப்பவனுக்கு முதலில் 4 விழ வேண்டும், பிறகு 2-க்குக் குறையாமல் எது விழுந்தாலும் சரி: 1/4 × 3/4 = 18.75%. திறமை குறைந்தவனுக்கு வாய்ப்பு அதிகம்! இலக்கு 8 என்றால் டி6-க்கு 5/36, 13.9%, டி8-க்கு 12.5%. இலக்கு 10-ல் டி8 டி10-ஐ முந்துகிறது. மற்ற பெரும்பாலான இலக்குகளில் பெரிய பகடையே நல்லது, முக்கிய கேரக்டர்களுக்கு அந்த ஆட்டம் கூடவே ஒரு டி6 தருவதால் இது பெரிதாக உறுத்துவதும் இல்லை. ஆனாலும் சொந்தமாக விதி எழுதுகிறவர்கள் இந்தப் பள்ளத்தில் கட்டாயம் கால் வைப்பார்கள்.

#18 குடியாத்தம்_புதுவரவு, திங்கள் காலை 7.20

எல்லாம் புரிந்த மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது. என் சந்தேகம் சின்னது. ஆன்லைனில் ஒரு கடையில் மலிவாக ஒரு செட் பகடை வாங்கினேன். அதில் டி20 அடிக்கடி 3-லேயே நிற்கிறது. பகடையில் கோளாறா, எனக்கு நேரம் சரியில்லையா?

#19 காட்பாடி_ஜங்ஷன், திங்கள் 8.05

மலிவுப் பகடைகளை எந்திரத்தில் போட்டு உருட்டி மழமழப்பாக்கும்போது முனைகள் சமமில்லாமல் தேயும், உள்ளே காற்றுக்குமிழும் இருக்கலாம். வீட்டுச் சோதனை ஒன்று: டம்ளர் தண்ணீரில் பகடை மிதக்கும்வரை உப்பைக் கரை. மிதந்ததும் விரலால் தட்டிவிட்டுக்கொண்டே இரு. ஒவ்வொரு தடவையும் ஒரே முகம் மேலே வந்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. உலோகப் பகடைக்கு இது ஆகாது, மூழ்கித்தான் போகும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கை-ஸ்கொயர், அதாவது வந்த எண்ணிக்கை வர வேண்டியதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் சோதனை. குறைந்தது 100 தடவை உருட்டி எழுது. 100 என்றால் ஒவ்வொரு எண்ணும் 5 தடவை வர வேண்டும். வந்ததில் 5-ஐக் கழித்து, வர்க்கமாக்கி, 5-ஆல் வகுத்து, இருபது எண்ணுக்கும் கூட்டு. 30.14-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம், ஒழுங்கான பகடை அதைத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து தடவைதான். அதற்குள் இருந்தால் பகடையைத் திட்டாதே. 100 உருட்டலில் சின்னக் கோணல் பிடிபடாது என்பதையும் மனதில் வை, இன்னும் நிறைய உருட்ட வேண்டும்.

"இவ்வளவு நேரம் 3 விழுந்தது, இனிமேல் 20 விழும்" என்பதை மட்டும் நம்பாதே. பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது.

#20 டி20_தாசன், திங்கள் 8.30

எங்கள் பழைய குழுவில் ஒருவர் ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) போட்டு 8டி6-ல் 48 விழுந்தது என்றார், வீடியோ காலில், கேமராவுக்கு வெளியே உருட்டி. சராசரி 28. எட்டுப் பகடையும் ஆறாக விழ 16,79,616-ல் ஒரு வாய்ப்பு. அவருக்கு மட்டும் கை-ஸ்கொயர் எதுவும் தேவைப்படவில்லை.

#21 பாலாற்று_மணல், திங்கள் இரவு 9.10

படித்து முடித்தேன், முடிவும் எடுத்துவிட்டேன். டி20 அப்படியே இருக்கட்டும். சுவருக்கு ஒரே உருட்டல், கயிறு இருந்தால் அட்வான்டேஜ், அவசரமில்லை என்றால் பனையேறிக்கு உருட்டலே கிடையாது. நேருக்கு நேர் போட்டியில் மட்டும் இரண்டு பேரும் 3டி6 உருட்டுவார்கள், பனையேறியின் +7 அங்கே +5. அதற்கு என்ன வரும் டீச்சர்?

கடைசியாக ஒன்று. அடுத்த வாரம் முற்றுகையின் இறுதித் தாக்குதல். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை முட்ட அனுப்பினார்களே, துப்பாக்கிச் சூட்டில் அவை மிரண்டு சொந்தப் படையையே மிதித்துக்கொண்டு ஓடினவே, அந்தக் கட்டம். பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருந்த மனவுறுதிச் சோதனையை வைக்கிறேன்: 2டி6 உருட்டி, யானையின் எண்ணைத் தாண்டினால் ஓடிவிடும். யானைக்கு 7 வைக்கலாமா, 9 வைக்கலாமா? ஆட்டக்காரர்கள் கதவுக்கு உள்ளே இருக்கிறார்கள்.

#22 கணக்கு_டீச்சர், திங்கள் 9.50

+5-க்கு: கணக்குப்பிள்ளை 6 அதிகம் எடுக்க வேண்டும், 4,501/46,656, 9.6%. பத்தில் ஒன்று. தம்பி ஒப்புக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

யானைக்கு எத்தனை தடவை சோதனை வைக்கப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், ஜங்ஷன் காட்டிய சுவர்க் கணக்கு இங்கேயும் வரும்.

#23 பாலாற்று_மணல், திங்கள் 9.55

மூன்று. முதல் குண்டுக்கு ஒன்று, பாகன் விழுந்தால் ஒன்று, கதவுக்குக் கிட்டே ஒன்று.

#24 கணக்கு_டீச்சர், திங்கள் 10.08

7 என்றால் ஒரு சோதனையில் நிற்பது 21/36, மூன்றிலும் நின்று கதவை முட்டுவது 19.8%. 8 என்றால் 26/36, மூன்றுக்கு 37.7%. 9 என்றால் 30/36, மூன்றுக்கு 57.9%. ஒரே ஒரு யானை என்றால் 9 வையுங்கள், ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சமாவது வியர்க்கும். நாலைந்து யானை விடுவதாக இருந்தால் 7 போதும். 7-லேயே நாலில் ஒன்றாவது கதவுக்கு வந்து சேர 58.7% வாய்ப்பு இருக்கிறது.

#25 பாலாற்று_மணல், திங்கள் 10.11

நாலு யானை, 7. சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆரம்பம். தாசன், வேடிக்கை பார்க்க வருவதாக இருந்தால் உங்கள் டி6 பையையும் எடுத்து வாருங்கள், எங்களிடம் உள்ளது பத்தாது.